வெள்ளிப்பாறை செக்போஸ்ட்டு மெஷின்

சாயங்காலம் அஞ்சு நாப்பது. மேகமலைக்கு மேல, வெள்ளிப்பாறை எஸ்டேட்டுல இருந்து கீழ எறங்குற ரோடு. ரோடுன்னு பேருதான்... ஜல்லியும் பள்ளமும். ரெண்டு பக்கமும் தேயிலை, அதுக்கு மேல காடு. ஐப்பசி மாசம், மஞ்சு எறங்கிருச்சு. பத்தடிக்கு முன்னால நிக்கிற ஆளு தெரியாது. அங்கன ஒரு செக்போஸ்ட்டு. ரோட்டுக்குக் குறுக்க ஒரு இரும்புச் சங்கிலி, பக்கத்துல தகரக் கொட்டாய்...

இருங்க. அந்த மெழுகுவத்திய இங்கிட்டுத் தள்ளுங்க ஜெசி டீச்சர், காத்துல அணைஞ்சா நான் பொறுப்பில்ல. விடிஞ்சா ஓட்டுப்பதிவு, பள்ளிக்கூடத்துல கரண்டு இல்ல, பெஞ்சுல படுத்தா மூட்டப்பூச்சி. கதை கேட்டது நீங்கதான். நடுவுல "ஐயோ போதும் வேல்விழி"ன்னு யாராச்சும் சொன்னீக, எனக்குக் கெட்ட கோவம் வரும். ஆரோக்கியசெல்வம் சார், நீங்க சிரிக்காதீக. பாத்ரூமுக்கு மொதல்ல துணை கேக்கப் போறது நீங்கதான்.

இது எனக்கு நடந்ததில்ல. எங்க தாலுகா ஆபீஸ்ல பவுனு அக்கான்னு இருக்காக. அவுக கூடப்பொறந்த தம்பிக்கு நடந்தது. பேரு மகிழன், இருவத்தாறு வயசு. சின்னமனூர்ல வீடு. ரெண்டாயிரத்து ஏழுல அந்த எஸ்டேட்டுல கம்ப்யூட்டர் ஆபரேட்டரா இருந்தான். திங்கக்கிழமை மேல போனா சனிக்கிழமைதான் எறங்குவான்.

அந்த எஸ்டேட்டுல ஒரு சட்டம். லாரியோ, ஜீப்போ, சைக்கிளோ... எது வெளிய போனாலும் பாஸ் வேணும். ஃபேக்டரி ஆபீஸ்ல உக்காந்து மகிழன் கம்ப்யூட்டர்ல பாஸ் அடிப்பான். பேப்பரு அங்கன வராது. கால் மணி நேர நடைக்கு அங்கிட்டு, அந்தத் தகரக் கொட்டாய்ல இருக்க பிரிண்டர்ல வந்து விழும். நடுவுல நடுவுல பெட்டி வச்சு வயர் இழுத்திருந்தாக. பேப்பரு விழுந்தாத்தான் சங்கிலி எறங்கும். கையால எழுதுன சீட்டு செல்லாது. எல்லாம் ஏலக்காத் திருட்டுக்குப் பயந்து.

கேட்டுக்கு வாட்ச்மேன் ராக்கப்பன். அம்பது வயசு, எழுதப் படிக்கத் தெரியாது. மெஷின்ல இருந்து முத்திரை போட்ட பேப்பர் வருதா, பூட்டைத் தொறப்பாரு. வரலையா, தொறக்க மாட்டாரு. அம்புட்டுத்தான் அவருக்குச் சொல்லிக்குடுத்தது.

ஒரே ஒரு தடவை அவரு பேப்பர் இல்லாமத் தொறந்தாரு. ஒரு ஜீப்பு வந்துச்சு. உள்ள ஒருத்தன் தலையெல்லாம் ரத்தம், "மரம் விழுந்திருச்சு, உசுரு போகுது அண்ணே"ன்னு கத்துறாய்ங்க. மனுசன் பதறிப்போயித் தொறந்து விட்டுட்டாரு. அது ஆட்டு ரத்தம். சீட்டுக்கு அடியில மூணு மூட்டை ஏலக்கா. மறுநா மேனேஜரோட ஆளுக அவரை அந்தக் கேட்டுத் தூண்லயே கட்டி வச்சு அடிச்சாய்ங்க. முன்பல்லு ரெண்டு தெறிச்சு விழுந்துச்சு. "இனிமே செத்தாலும் பேப்பர் இல்லாமத் தொறப்பியா?"ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாய்ங்களாம்.

இப்ப அந்த மெஷினைச் சொல்லணும். கவனமாக் கேளுங்க, கம்ப்யூட்டர் விசயம்னு கொட்டாவி விடாதீக.

அந்தப் பிரிண்டரு ஒரு கூண்டுக்குள்ள இருக்கும், கம்பிக் கூண்டு. கொரங்கு வந்து வயரைப் புடுங்குதுன்னு பூட்டி வச்சிருந்தாக. பேப்பரு வந்து விழுக ஒரு சந்து மட்டும் உண்டு. பிளக்கும் கூண்டுக்குள்ளதான். சாவி மகிழன்கிட்ட. அதை மாட்டி விட்டது ஜான் பீட்டர்னு ஒரு சர்வீஸ் பையன். வேலை முடிஞ்சு டீ குடிக்கிறப்ப அவன் வாய் சும்மா இருக்காம, "இந்த மாடல்ல ஒரு ஓட்டை இருக்கு மகிழா"ன்னிருக்கான். "வயர்ல கோத்திருக்க எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்தும், பாஸ்வேர்டு இல்லாம இதுகூடப் பேசலாம். அளவுக்கு மீறி நீளமா ஒரு வரி அனுப்பி விட்டா, முழுங்கவும் முடியாமத் துப்பவும் முடியாம அப்பிடியே நின்னு போகும். செவப்பு லைட்டு எரியும். அதுக்கப்புறம் கலெக்டரே அனுப்புனாலும் அடிக்காது. பிளக்கைப் புடுங்கிச் சொருகுனாத்தான் எந்திரிக்கும். சரி பண்றதுக்குப் புது சாஃப்ட்வேர் வந்திருக்கு, அடுத்தவாட்டி வரும்போது போட்டு விடுறேன்."

அடுத்தவாட்டி வந்தான். போடல. மறந்து போச்சாம்! நல்லா வருது வாயில.

மகிழனுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்த நேரம். மேல செல்போன் எடுக்காது. எஸ்டேட்டுக்குள்ளயே ஒரு பாறை மேல ஏறுனா மட்டும் ரெண்டு புள்ளி சிக்னல் வரும். அஞ்சு மணிக்கு அங்கன போனாத்தான் அந்தப் புள்ளகூடப் பேச முடியும். ஆனா அஞ்சு மணிக்குத்தான் லாரிக வரிசையா வந்து பாஸ் கேக்கும். இவன் என்ன செய்வான்... கீபோர்டுல ஒரே எழுத்தை அமுக்கிப் புடிச்சுக்கிருவான். வரி நீண்டுக்கிட்டே போகும். அனுப்பி விட்டுட்டு, "மெஷின் ஹேங் ஆயிருச்சுண்ணே, ஆறரைக்கு மேல பாக்கலாம்"ன்னு டிரைவருககிட்டச் சொல்லிட்டுப் பாறைக்குப் போயிருவான். ஆறரைக்குக் கேட்டுக்கு வந்து கூண்டைத் தொறந்து பிளக்கைப் புடுங்கிச் சொருகுவான். வாரத்துக்கு மூணு நாளு இதே சோலி. ஒரு பயலுக்குத் தெரியாது.

அன்னைக்கும் அஞ்சு அஞ்சுக்கு அனுப்பிட்டுப் போயிட்டான்.

அஞ்சரைக்கு ஃபேக்டரிக்குள்ள ஒரு அலறல். பச்சத் தேயிலைய ரெண்டு உருளைக்கு நடுவுல விட்டு அரைக்கிற மெஷின் இருக்கும்ல... அதுல இலை தள்ளிக்கிட்டிருந்த அம்மாவாசி. முப்பத்தஞ்சு வயசு ஆளு, ரெண்டு மூட்டைய ஒத்தக் கையில தூக்குவாரு. அந்த வலது கைய உருளை கவ்விருச்சு. மெஷினை நிப்பாட்டுறதுக்குள்ள முழங்கைக்குக் கீழ ஒண்ணுமில்ல. அரைச்ச இலையோட இலையா செவப்பா வந்து தட்டுல கொட்டுச்சாம். பச்ச இலை வாடையும் ரத்த வாடையும் கலந்து... பாத்தவுக அன்னைக்குச் சோறு திங்கல.

வேட்டியக் கிழிச்சுக் கட்டி ஜீப்புல ஏத்துனாக. டிரைவரு, அம்மாவாசி, அவரு பொண்டாட்டி முத்துப்பேச்சி. மூணே பேரு. அஞ்சு நாப்பதுக்குக் கேட்டு. சங்கிலி மேல கெடக்கு. மஞ்சு. கொட்டாய்க்குள்ள அந்தச் செவப்பு லைட்டு.

ஆபீஸ்ல ஸ்டோர் கீப்பர் பாஸை அனுப்புறாரு, அனுப்புறாரு... பத்துவாட்டி அனுப்புறாரு. பேப்பரு வரல. டிரைவரு ஹாரனை அமுக்குனவன் கைய எடுக்கல. முத்துப்பேச்சி எறங்கி ஓடி ராக்கப்பன் கால்ல விழுகுறா. அவரு அரிவாளைக் கையில புடிச்சுக்கிட்டுப் பூட்டுக்கு முன்னால போயி நிக்கிறாரு. "பேப்பர் வரட்டும் ஆத்தா... பேப்பர் வரட்டும். ரத்தத்தைப் பாத்து ஒருக்கா ஏமாந்துட்டேன். என்னையக் கொன்னு போட்டுருவாய்ங்க." கிட்ட வந்து பாக்கக்கூட அவருக்குத் தெம்பில்ல. பாத்தாத் தொறந்துருவோமேன்னு பயம். டிரைவரு சாவியப் புடுங்கப் போனான், அரிவாளு அவன் தோள்ல எறங்கிருச்சு. திரும்பி வந்து ஒத்தக் கையால ஹாரனை அமுக்குனான். ஜீப்புக்குள்ள அம்மாவாசி மிச்சமிருந்த கையால தகரத்துல அடிக்கிறாரு. தட்... தட்... தட். முப்பத்தஞ்சு நிமிசம். அப்புறம் அடிக்கல.

ஃபேக்டரி ஆளுக கோடாலியோட ஓடி வந்து பூட்டை ஒடைச்சப்ப, ஜீப்புக்கு அடியில ரோடே ஈரமாக் கெடந்துச்சு. அம்மாவாசி கண்ணைத் தொறந்துக்கிட்டு அந்தச் செவப்பு லைட்டையே பாத்துக்கிட்டு செத்திருந்தாரு.

அந்தக் கூட்டம் ராக்கப்பனை விடுமா? தாடை ஒடைஞ்சுச்சு, ஒரு கண்ணு போச்சு. போலீஸ் வந்து தூக்கிட்டுப் போயி, "மேனேஜர் அடிச்சதுக்குப் பழிவாங்க, இவனே மெஷினைக் கெடுத்து ஆளைச் சாகடிச்சிட்டான்"னு கேஸ் எழுதிருச்சு. கொலைக் கேஸு. ராக்கப்பனுக்கு அந்த மெஷினை எந்தப் பக்கம் தொடணும்னுகூடத் தெரியாது.

அதைச் சொல்றதுக்கு ஒரே ஒரு வாய்தான் இருந்துச்சு. அது மகிழன் வாயி. அவன் தொறக்கல. ஏன்னா... அந்த முப்பத்தஞ்சு நிமிசமும் ஹாரன் சத்தம் பாறை வரைக்கும் கேட்டிருக்கு. போன்ல அந்தப் புள்ள, "என்ன சத்தம்?"னு கேட்டிருக்கா. "எவனோ லாரிக்காரன், கெடக்கான் விடு"ன்னிருக்கான்.

ராக்கப்பன் பொண்டாட்டி மாயக்காள் ஒவ்வொரு திங்கக்கிழமையும் மலையேறி வந்து ஆபீஸ் வாசல்ல நிப்பாளாம். சண்டை போட மாட்டா, அழுக மாட்டா. "அன்னைக்கு அந்த மெஷினு ஏன் சாமி நின்னுச்சு?"ன்னு போற வார ஆளையெல்லாம் கேப்பா. மகிழன்கிட்டயும் கேட்டா. "மெஷின் கோளாறு ஆத்தா"ன்னுட்டு உள்ள போயிட்டான். போலீஸ் கேட்டப்ப, "அன்னைக்கு நான் அதைத் தொடவே இல்ல"ன்னுட்டான்.

அம்மாவாசிக்குப் பதினாறு முடிஞ்சுச்சு. பதினேழாம் நாளு ஆரம்பிச்சது.

அஞ்சு நாப்பது. கம்ப்யூட்டரை அமத்தியாச்சு. கேட்டுல இருந்து புது வாட்ச்மேன் ஆதித்தன் ஓடி வாரான். "அண்ணே, பாஸ் வந்திருக்கு, எந்த வண்டிக்குன்னு போடலையே?" மகிழன் வாங்கிப் பாத்தா வெறும் பேப்பரு. எழுத்து இல்ல. நடுவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரம். மோந்து பாத்திருக்கான்... பச்ச இலையும் ரத்தமும்.

மறுநாளும் வந்துச்சு. எந்தக் கம்ப்யூட்டர் அனுப்புனதுன்னு அந்த மெஷினே குறிச்சு வைக்குமாம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். ஆபீசு ஒண்ணு, ஸ்டோரு ஒண்ணு, பங்களா ஒண்ணு. இந்தப் பேப்பருக்கு அந்த எடத்துல நம்பரே இல்ல. மூணாம் நாளு மகிழன் எல்லா வயரையும் கையால புடுங்கிப் போட்டுட்டுக் கேட்டுல போயி நின்னான். பிரிண்டருக்கு வெளிய இருந்து ஒரு வயரும் இல்ல. அஞ்சு நாப்பது... கர்ர்ர்னு உருளை சுத்துற சத்தம். பேப்பரு வந்து விழுந்துச்சு. கூண்டைத் தொறந்து பாக்கலாம்னு குனிஞ்சான். அந்த இரும்புக் கதவு தானா வீசி நெத்தியில அடிச்சுச்சு. ஒருவாட்டி இல்ல. விழுந்தவனை விடாம நாலுவாட்டி. எலும்பு தெரிஞ்சிருச்சு. ஏழு தையலு.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவனைப் பவுனு அக்கா உலுக்கு உலுக்குன்னு உலுக்கவும் எல்லாத்தையும் கொட்டிட்டான். அக்கா அழுகல. செவுள்ல ஒண்ணு விட்டாக. "ஏலே, ஒருத்தன் செத்தான், அது தெரியாமப் பண்ணுன பாவம். இன்னொருத்தன் உள்ள கெடந்து சாகுறானே, அது தெரிஞ்சு பண்ற பாவம்லடா. போயி ஸ்டேஷன்ல சொல்லு. வார சனிக்கிழமைக்குள்ள நீ சொல்லல, நானே போயிச் சொல்லுவேன்." சரின்னு தலையாட்டிட்டு மேல போனான்.

அடுத்த சனிக்கிழமை நாலரைக்குப் பாறையில இருந்து போன் வருது. "அக்கா, நான் சொல்லப் போறதில்ல. என் கல்யாணம் நின்னுரும், நான் உள்ள போயிருவேன். ராக்கப்பனுக்கு முன்னப்பின்ன பெயிலு கெடைக்கும், விடு. நான் எறங்கி நேரா குமுளி வழியாக் கேரளா போறேன். தேடாதீக." வச்சுட்டான். பவுனு அக்கா செருப்புகூடப் போடாம ஸ்டேஷனுக்குக் கெளம்புனாக. வாசல்ல மயக்கம் போட்டு விழுந்து, பக்கத்து வீட்டுக்காரக படுக்க வச்சுட்டாக. அக்கா அன்னைக்குப் போகவே இல்ல.

மேல, அஞ்சரைக்கு மகிழன் பைக்குல பையைக் கட்டிக்கிட்டுக் கேட்டுக்கு வந்தான். ஸ்டாஃபுக்கும் பாஸ் வேணும். ஆபீஸ்ல இருந்து அடிச்சு அனுப்பிட்டுத்தான் வந்திருக்கான். பேப்பரு வரல. செவப்பு லைட்டு. ஆதித்தன் சொல்றான்: "அண்ணே, பேப்பர் இல்லாம நான் தொறந்தா எனக்கும் பல்லு இருக்காது." இவன் கெட்ட வார்த்தையில ஏசிக்கிட்டே கொட்டாய்க்குள்ள போயி, கூண்டைத் தொறந்து, பிளக்கைப் புடுங்க எடது கைய விட்டான். முட்டுக் குடுக்க வலது கைய மெஷின் மேல வச்சான்.

பிளக்கைப் புடுங்கிட்டான். அதுல சந்தேகமே இல்ல, ஆதித்தன் கண்ணால பாத்தான்.

கர்ர்ர்ர்...

பேப்பரு வார சந்து எம்புட்டு இருக்கும் டீச்சர்? ஒரு புள்ளையோட விரலு நொழையாது. அதுக்குள்ள மகிழனோட நாலு விரலும் போயிருச்சு. கத்துனான். மணிக்கட்டு போச்சு. நொறுங்குற சத்தம் வெளிய கேட்டுச்சாம், காஞ்ச முருங்கைக் கொப்பை மிதிச்சாப்புல. ஆதித்தன் ஓடிப்போயி இடுப்பைச் சேத்துக் கட்டிப் பின்னால இழுத்தான். அவன் சத்தியம் பண்ணிச் சொன்னது இது. "மெஷின் இழுத்தா ஒரே சீரா இழுக்கும். இது அப்பிடி இல்ல. கொஞ்சம் விட்டுக் குடுத்துச்சு. மூச்சு வாங்குச்சு. திரும்ப இழுத்துச்சு. அங்கிட்டு ஒரு ஆளு இருந்தான்." முழங்கை போச்சு. செவுத்துல காலை ஒதைச்சு ஒதைச்சு மகிழனோட குதிகாலு பிஞ்சிருச்சு. தகரமெல்லாம் ரத்தம் தெறிச்சு, ஆதித்தன் வாய்க்குள்ளயும் போயிருச்சு. கையை விட்டுட்டு ஃபேக்டரிக்கு ஓடிட்டான் பாவம்.

ஆளுக வந்து சேந்தப்ப மணி ஆறு. மெஷினு அசையாம இருந்துச்சு. மகிழன் அதுமேல சாஞ்சு கெடந்தான். உசுரு இல்ல. எடது கையில பிளக்கை இறுக்கிப் புடிச்சபடி இருந்தான். தோள் வரைக்கும் உள்ள போயிருந்த கையை எடுக்க மெஷினைக் கடப்பாரையால ஒடைக்க வேண்டியதாப் போச்சு.

கீழ எறங்க ரெண்டரை மணி நேரம். பவுனு அக்கா வீட்டுக்குத் தகவல் வந்தப்ப ராத்திரி ஒம்பது.

முடிஞ்சு போச்சுன்னு எந்திரிக்காதீக சார். உக்காருங்க. ராக்கப்பன் எப்பிடி வெளிய வந்தாருன்னு நான் இன்னம் சொல்லல.

மகிழனுக்குப் பதினாறாம் நாளு. கீழ ஒரு ஸ்டேஷன்ல ரைட்டரா இருக்க ஏட்டு பவுனு அக்காவைத் தேடி வந்தாரு. எந்த ஸ்டேஷன்னு சொல்ல மாட்டேன், எனக்கு மெமோ வாங்க ஆசையில்ல. மனுசன் பாதியா எளைச்சிருந்தாராம். "உங்க தம்பி குடுத்த வாக்குமூலத்தாலதான் ராக்கப்பனை விட்டாக. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்"னாரு. எப்பக் குடுத்தான்னு அக்கா கேட்டாக. "அந்தச் சனிக்கிழமை. சாயங்காலம் ஆறே கால்."

ஆறு மணிக்கே மலையில பொணமாக் கெடந்தவன்ல அவன்.

ஆறே காலுக்கு அவன் வந்து மேசைக்கு முன்னால நின்னானாம். உக்காருன்னா உக்காரல. சட்டையெல்லாம் ஈரம். வலது கையில தோள்ல இருந்து நுனி வரைக்கும் துண்டு சுத்தியிருந்துச்சு, துண்டு சொட்டிக்கிட்டு இருந்துச்சு. "என்னப்பா அடி, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ"ன்னிருக்காரு. "எழுதுங்க சார். நேரமில்ல. விட மாட்டேங்குறாரு"ன்னானாம். எல்லாத்தையும் சொல்லிருக்கான். ஜான் பீட்டர் சொன்ன ஓட்டை, நீளமான வரி, பாறை, ஹாரன் சத்தம்... ஒண்ணு விடல. சொல்லி முடிச்சுக் கையெழுத்துப் போட்டான். எடது கையில போட்டான். ஆனா ஆபீஸ் ரெஜிஸ்டர்ல இருக்க அதே கையெழுத்து, அச்சு அசலா. எழுந்து பாக்கிறதுக்குள்ள வாசல்ல ஆளில்ல.

மறுநா காலையில, மகிழன் எத்தனை மணிக்குச் செத்தான்னு தெரிஞ்சதும் ரைட்டரு மிரண்டுட்டாரு. வாக்குமூலத்துல முந்துன நா, வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டு மேல அனுப்பிட்டாரு. அதை வச்சுத்தான் ராக்கப்பனை விட்டாக. மாயக்காள், ஒரு கண்ணு போன புருசனைக் கூட்டிக்கிட்டு ஊரைப் பாக்கப் போயிட்டா.

அம்புட்டையும் சொல்லிட்டு ரைட்டர் வாசல் வரைக்கும் போனாரு. செருப்பைப் போட்டாரு. திரும்பி வந்து, பவுனு அக்காகிட்ட ரகசியம் மாதிரிக் கேட்டாராம்.

"நான் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்ததால அப்ப எனக்கு வெளங்கல தாயி. வீட்டுக்குப் போயிப் படுத்தப்பறம்தான் எண்ணிப் பாத்தேன். உங்க தம்பி எடது கையில பேனா. வலது கை துண்டுக்குள்ள. அப்ப... நான் எழுதி முடிக்கிற வரைக்கும் அந்தத் துண்டை மணிக்கட்டோட சேத்து இறுக்கிப் புடிச்சிருந்துச்சே, நகமெல்லாம் பச்சக் கறையா, முழங்கைக்கு மேல ஒண்ணுமே இல்லாம ஒரு கை... அதை நான் எப்பிடி எழுதுறது?"

எழுதலையாம்.